காட்டாத குளியலறைக்கும் ஒரு விலை உண்டு: விடுமுறை வீட்டின் மதிப்பும் இணையப் பக்கத்தின் வடிவமைப்பும்

விடுமுறைக்கு வீடு தேடிக்கொண்டிருக்கும்போது ஒரு பக்கம் கண்ணில் படுகிறது. இருபது படங்கள். கூடம் நான்கு கோணங்களில். பால்கனி, மாலை வெயிலில் மூன்று முறை. படுக்கையின் மேல் அழகாக மடித்து வைத்த துண்டு. மேசையில் பூச்சாடி. எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிக் கடைசிவரை போன பிறகுதான் உறைக்கிறது: குளியலறைப் படம் ஒன்றுகூட இல்லை. குளியலறை மோசம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் சற்றுமுன் நியாயமாகத் தோன்றிய வாடகை இப்போது கொஞ்சம் அதிகமாகத் தோன்றுகிறது. வீடு மாறவில்லை, வாடகையும் மாறவில்லை. மனம் தனக்குத் தெரியாத ஒன்றுக்காக ஒரு தொகையைக் கழித்துக்கொண்டுவிட்டது.

வடிவமைப்பு என்றதும் வண்ணம், எழுத்துரு, அழகு என்றே பேச்சு போகிறது. அவையும் வேண்டியவைதான். ஆனால் விடுமுறை வாடகையைப் பொறுத்தவரை வடிவமைப்பின் பெரிய வேலை மனம் செய்யும் இந்தக் கழித்தலைக் குறைப்பது என்றே நான் கருதுகிறேன். வீட்டின் நல்ல பக்கங்களைக் கூட்டிக் காட்டுவதைவிட, பார்ப்பவரின் சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப்போடும் பக்கமே அதே வீட்டுக்குக் கூடுதல் மதிப்பைத் தேடித் தருகிறது.

இதற்குக் காரணம் விற்கப்படும் பொருளின் இயல்பிலேயே இருக்கிறது. பொருளியலாளர் ஃபிலிப் நெல்சன் 1970இல் பொருள்களை இரண்டாகப் பிரித்தார். வாங்கும் முன்பே பார்த்துத் தரம் அறியக்கூடியவை ஒரு வகை. பயன்படுத்திய பிறகே தரம் தெரிபவை இன்னொரு வகை. விடுமுறை வீடு இரண்டாவது வகையில் மிகக் கடினமான ஒன்று. பணத்தைப் பல வாரங்களுக்கு முன்பே கட்டிவிடுகிறோம். போய்ச் சேர்வது பெரும்பாலும் தெரியாத ஊருக்கு, சில நேரம் இரவில், தூங்கி வழியும் குழந்தைகளோடு. பிடிக்கவில்லை என்றால் சட்டையைப்போலத் திருப்பிக் கொடுக்க முடியாது. கெட்டுப்போன விடுமுறையும் திரும்ப வராது. பெரிய ஓட்டல் நிறுவனம் என்றால் பெயரே ஓரளவு உத்தரவாதம். தனி ஒருவரின் வீட்டுக்கு அப்படிப் பெயர் கிடையாது. அதே 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வைத்து இன்னொன்றைச் சொன்னார்: நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாத இடத்தில் வாங்குபவர் சராசரித் தரத்துக்கான விலையைத் தரவே முன்வருவார்; அதனால் நல்ல பொருள் வைத்திருப்பவருக்கே நஷ்டம். நல்ல வீட்டை மோசமான பக்கத்தில் வைத்திருக்கும் உரிமையாளர் தினம் தினம் அனுபவிப்பது இந்த நஷ்டத்தைத்தான்.

மதிப்பு என்ற சொல்லையும் ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வது நல்லது. சந்தையியல் அறிஞர் வலேரி ஸைதாம்ல் 1988இல் தந்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது: வாடிக்கையாளர் தனக்குக் கிடைப்பதாக நினைப்பதையும் தான் கொடுப்பதாக நினைப்பதையும் ஒப்பிட்டுப் போடும் கணக்கே மதிப்பு. கொடுப்பது பணம் மட்டுமல்ல. தேடும் நேரம், புரிந்துகொள்ளும் சிரமம், ஏமாந்துவிடுவோமோ என்ற பயம் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். பக்கத்தின் வடிவமைப்பு தராசின் இரண்டு தட்டுகளையும் தொடுகிறது.

கண் இமைக்கும் முன்

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கிட்டே லிண்ட்கார்ட் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பக்கம் கவர்ச்சியாக இருக்கிறதா என்ற முடிவை மனிதர்கள் 50 மில்லி விநாடிகளில் எடுத்துவிடுகிறார்கள் என்று காட்டியது. 2012இல் வந்த இன்னொரு ஆய்வில் 17 மில்லி விநாடிகள் மட்டுமே காட்டிய பக்கங்களுக்கும் மதிப்பீடு உருவானது. அவ்வளவு நேரத்தில் ஒரு சொல்லைக்கூடப் படிக்க முடியாது. கண்ணுக்குத் தெரிவதெல்லாம் நெரிசலா ஒழுங்கா, பழகிய அமைப்பா விசித்திரமா என்பவைதான். நெரிசல் குறைவாகவும், அந்த வகைத் தளம் எப்படி இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ அப்படியும் இருக்கும் பக்கங்களே அந்த ஆய்வில் அதிகம் பிடித்துப்போயின. தனித்துத் தெரிய வேண்டும் என்று தேதி தேர்வையும் விலையையும் யாரும் எதிர்பாராத மூலையில் ஒளித்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த முதல் எண்ணம் பக்கத்தோடு நிற்பதில்லை, வீட்டுக்கும் பரவுகிறது. ஸ்டான்ஃபோர்டில் பி. ஜே. ஃபாக் குழுவினர் 2002இல் 2,684 பேரிடம் இணையதளங்களின் நம்பகத்தன்மையை மதிப்பிடச் சொன்னார்கள். அவர்கள் எழுதிய கருத்துகளில் 46 சதவீதம் பக்கத்தின் தோற்றத்தைப் பற்றியே இருந்தன. ஒரு நல்ல குணத்தைக் கண்டதும் மற்ற குணங்களையும் நல்லவையாகவே எண்ணிக்கொள்ளும் வழக்கத்தை உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920லேயே ராணுவ அதிகாரிகள் தம் கீழ் உள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் கண்டிருந்தார். பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதும் இதைத்தான்.

இந்த முடிவு முழுக்க மூடத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். போன வருட வாடகைப் பட்டியலை இன்னும் மாற்றாதவர், அழுத்தினால் வேலை செய்யாத பொத்தானைக் கவனிக்காதவர், தண்ணீர் ஹீட்டரை மட்டும் கவனித்திருப்பாரா என்ற கேள்வி எழுவது இயல்பு. வேறு எதையும் பார்க்க வழியில்லாத வாடிக்கையாளருக்கு உரிமையாளரின் அக்கறையை அளக்கக் கிடைத்த ஒரே கருவி அந்தப் பக்கம்தான். சில நேரம் அது தவறாகவும் அளக்கிறது. பொறுப்பாக வீட்டைப் பராமரிக்கும், ஆனால் கணினி அதிகம் பழகாத வயதான தம்பதிக்கு இதில் நடப்பது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

படங்கள் செய்யும் வேலை

தனியார் வீடுகளை விருந்தினர் வாடகைக்கு எடுக்க உதவும் இணையதளமான ஏர்பிஎன்பி நிறுவனத்தின் ஆரம்ப காலத்தில் நடந்த ஒன்றை அதன் நிறுவனர்களே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 2009இல் நியூயார்க்கில் வருமானம் ஏறவே இல்லை. பட்டியலில் இருந்த வீடுகளைப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த ஒன்று மோசமான படங்கள்: செல்ஃபோனில் எடுத்தவை, மங்கலானவை. நல்ல கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நேரில் போய் வீடுகளைப் படம் பிடித்தார்கள். வாரத்துக்கு 200 டாலராக இருந்த வருமானம் ஒரு வாரத்தில் இரண்டு மடங்கானது. தொகை சிறியது. ஆனால் வீட்டில் ஒரு செங்கல்கூட மாறாமல் மதிப்பு மாறியது என்பதே அதில் கவனிக்க வேண்டியது. அதற்குப் பிறகு தொழில்முறைப் படப்பிடிப்பாளர்களை அனுப்பும் திட்டத்தையே அந்நிறுவனம் தொடங்கியது. பிற்காலத்தில் அந்தப் படங்களைக் கணினி வழியே அலசிய ஆய்வு, அப்படி எடுத்த படங்கள் உள்ள வீடுகள் நிரம்பும் விகிதம் ஏறத்தாழ 9 சதவீதம் கூடியதாகக் கண்டது.

நல்ல படம் என்பது என்ன செய்கிறது? வெளிச்சமும் கூர்மையும் அழகுக்காக மட்டும் இல்லை. இருட்டான படத்தில் சுவரின் மூலை தெரியாது; அங்கே ஈரம் பூத்திருக்கலாம் என்று மனம் நினைத்துக்கொள்கிறது. வெளிச்சம் வந்ததும் அந்தச் சந்தேகம் போய்விடுகிறது. இணையத்தில் மனிதர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கண்ணசைவைப் பதிவுசெய்து ஆராய்ந்த யாக்கப் நீல்சன் 2010இல் எழுதியதும் இதோடு ஒத்துப்போகிறது: தகவல் தரும் படங்களில் கண் நின்று பார்க்கிறது, அலங்காரத்துக்காக வைத்த படங்களைத் தாண்டிப் போய்விடுகிறது. கடற்கரையின் பொதுவான படத்தை யாரும் பார்ப்பதில்லை. ஜன்னல் சட்டமும் திரைச்சீலையும் தெரிய, அந்த ஜன்னலிலிருந்தே எடுத்த கடலைப் பார்க்கிறார்கள், ஏனென்றால் இரண்டாவது படத்தில் ஒரு கேள்விக்குப் பதில் இருக்கிறது.

படங்களின் வரிசை பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அது முக்கியமானது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஒரே படுக்கையறையை மூன்று கோணங்களில் எடுத்து, நடுநடுவே கூடத்தையும் தோட்டத்தையும் செருகினால் பார்ப்பவர் மூன்று படுக்கையறைகள் என்று எண்ணிவிடுவார். பிறகு விவரத்தில் ஒரு படுக்கையறை என்று படிக்கும்போது அவருக்கு வருவது ஏமாற்றம் மட்டுமல்ல, இன்னும் எதையெல்லாம் இப்படிக் காட்டியிருக்கிறார்களோ என்ற ஐயமும்கூட. வாசலில் தொடங்கி, கூடம், சமையலறை, ஒவ்வொரு அறை, அதன் குளியலறை என்று நடந்துபோகிற வரிசையில் வைத்தால் பார்ப்பவர் மனதில் வீட்டின் வரைபடம் உருவாகிவிடுகிறது. ஏர்பிஎன்பி 2023இல் படங்களை அறைவாரியாகத் தானே பிரித்து அடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது இந்தக் குழப்பம் எவ்வளவு பரவலானது என்பதற்கு அடையாளம். என்னைக் கேட்டால், கையால் வரைந்த ஒரு தரைத்திட்டம்கூட பத்து அழகான படங்களுக்குச் சமம். தாத்தா பாட்டி தூங்கும் அறைக்கும் கழிவறைக்கும் நடுவில் படிக்கட்டு இருக்கிறதா என்பதை வேறு எதுவும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

படம் எல்லை மீறும் இடமும் உண்டு. அகலக் கோண லென்ஸ் சின்ன அறையைக் கூடமாக்கிவிடும். சுவரோரம் இருக்கும் கட்டில் நீண்டு தெரிவதைப் பார்த்தே அனுபவசாலிகள் கண்டுபிடித்துவிடுவார்கள். படத்தை நம்பி வந்தவர் கதவைத் திறந்ததும் அறை சுருங்கிவிடுகிறது. சந்தையியல் அறிஞர் ரிச்சர்ட் ஆலிவர் 1980இல் விளக்கியபடி, திருப்தி என்பது அனுபவத்தால் மட்டும் வருவதில்லை, எதிர்பார்ப்புக்கும் அனுபவத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது. அதே சிறிய அறையை உள்ளபடி காட்டியிருந்தால் வந்தவர் 'அடக்கமான அறை' என்று எழுதியிருப்பார். இப்போது 'படத்தில் காட்டியது வேறு' என்று எழுதுவார். ஏர்பிஎன்பியில் தங்கியவர்கள் தரும் மதிப்பெண்களில் துல்லியம் என்று ஒரு தலைப்பும், கொடுத்த பணத்துக்கான மதிப்பு என்று இன்னொரு தலைப்பும் தனித்தனியாக உண்டு. பக்கம் ஏற்றிவிட்ட எதிர்பார்ப்பு சில வாரங்கள் கழித்து எண்ணாக அதே பக்கத்துக்குத் திரும்பி வருகிறது. சாதாரண வீட்டை மிகச் சிறந்த படங்களோடு வைத்திருப்பவரைவிட, வீட்டின் தரத்துக்கேற்ற படம் வைத்திருப்பவர் நாளடைவில் முந்துவதற்கு இதுவே வழி.

விலை எங்கே நிற்கிறது

முதலில் கண்ணில் படும் எண் பிறகு வரும் எல்லா எண்களையும் தன் பக்கம் இழுக்கும். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானெமனும் 1974இல் வெளியிட்ட சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கேள்வி கேட்டார்கள். சுழல்சக்கரத்தில் 10 வந்தவர்கள் ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகளின் பங்கை 25 சதவீதம் என்று கணித்தார்கள். 65 வந்தவர்கள் 45 சதவீதம் என்றார்கள். தொடர்பே இல்லாத சக்கரம் இவ்வளவு செய்யும் என்றால், விலைக்குப் பக்கத்திலேயே கோடு போட்டு அடித்து வைத்த பழைய விலை என்ன செய்யும்?

அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருந்தது என்ன என்பதை ஒரு வழக்கு காட்டியது. ஓட்டல் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் ட்ரிவாகோ தளம் ஒரு ஓட்டலின் சாதாரண அறை விலைக்குப் பக்கத்தில் அதே ஓட்டலின் சொகுசு அறை விலையை அடித்துக் காட்டி, பெரிய தள்ளுபடிபோல் தோன்றவைத்ததை ஆஸ்திரேலிய ஃபெடரல் நீதிமன்றம் 2020இல் தவறு என்று தீர்ப்பளித்தது. மிகச் சிறந்த விலை என்று முன்னிறுத்தியதும் பெரும்பாலும் மிகக் குறைந்த விலையாக இல்லை. அதிகக் கட்டணம் தந்த விளம்பரதாரருக்கு முன்னுரிமை கிடைத்திருந்தது. 2022இல் விதித்த அபராதம் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர். எழுத்தில் பொய் சொல்லாமல், இரண்டு எண்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதாலேயே பொய் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

விடுமுறை வீடுகளில் இதைவிட அதிகம் மனதைப் புண்படுத்துவது சொட்டுச் சொட்டாக ஏறும் விலை. ஓர் இரவுக்கு 100 என்று பட்டியலில் தெரிகிறது. தேதியைப் போட்டு உள்ளே போனால் சுத்தம் செய்யும் கட்டணம் 80, சேவைக் கட்டணம் 30. ஓர் இரவு தங்குபவருக்கு விலை இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஏழு நாள் தங்குபவருக்கு அதே கட்டணம் அவ்வளவு உறைக்காது. சுத்தம் செய்யும் வேலை உண்மையானது, அதைச் செய்பவருக்குக் கூலி கொடுக்கத்தான் வேண்டும். கோபம் வருவது தொகையால் அல்ல, அது வந்து சேரும் நேரத்தால். வீட்டை மனதுக்குள் தேர்ந்தெடுத்து, எந்த அறை யாருக்கு என்று வீட்டில் பேசி முடித்த பிறகு அது வருகிறது.

மறைத்து வைப்பது பலன் தராது என்று நான் சொன்னால் அது உண்மையாகாது. ஸ்டப்ஹப் என்ற டிக்கெட் தளம் 2015இல் தன் பயனர்களைப் பிரித்துச் சோதித்தது. கட்டணத்தைக் கடைசியில் காட்டியவர்களிடம் வந்த வருமானம் சுமார் 20 சதவீதம் கூடுதலாக இருந்தது. தனி ஒரு தளம் நேர்மையாக இருந்தால் பட்டியலில் விலை உயர்வாகத் தெரிந்து பின்தங்கிவிடும். ஆகவே இதை மாற்றப் பெரும்பாலும் சட்டம் வர வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவில் 2015லேயே நுகர்வோர் ஆணையத்தின் தலையீட்டால் ஏர்பிஎன்பி விலை காட்டும் முறையை மாற்றிக்கொண்டது. 2022 இறுதியில், வரி நீங்கலாக மொத்த விலையைக் காட்டும் தேர்வைப் பிற நாடுகளுக்கும் கொண்டுவந்தது. அமெரிக்காவில் குறுகிய காலத் தங்கல்களுக்கும் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கும் கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்தே விலை சொல்ல வேண்டும் என்ற விதி 2025 மே 12 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன் ஏர்பிஎன்பி உலகம் முழுக்க மொத்த விலையையே முதலில் காட்டத் தொடங்கியது.

விலை மிகக் குறைவாக இருந்தாலும் மதிப்பு ஏறுவதில்லை. மாளிகைபோல் படம், குடிசைபோல் வாடகை என்றால், கேழ்வரகில் நெய் வடிகிறதாம் என்று கேட்பவர் விலகிப் போகிறார். சரியாகவே செய்கிறார். குறைந்த விலைக்குக் காரணம் இருந்தால் அதைப் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்: சீசன் முடிந்துவிட்டது, பக்கத்து மனையில் கட்டுமானம் நடக்கிறது, இப்படி.

அவசரப்படுத்தும் வாசகங்களைப் பற்றி ஒன்று மட்டும். 'இன்னும் ஒன்றே ஒன்று மீதி' என்று ஓட்டல் அறைக்கு எழுதினாலாவது பொருள் உண்டு. தனி வீடு எப்போதும் ஒன்றுதான். பிரிட்டனின் போட்டி ஆணையம் 2019இல் பெரிய ஓட்டல் முன்பதிவுத் தளங்களிடமிருந்து இத்தகைய நெருக்கடி தரும் விற்பனையைக் கைவிடும் உறுதியைப் பெற்றது.

டிக் செய்ய முடியாதவை

பட்டியல் பக்கத்தின் வடிவமைப்பு இன்னும் ஆழமாக ஒன்றைச் செய்கிறது: எதை மதிப்பு என்று எண்ண வேண்டும் என்பதையே அது முடிவு செய்கிறது. நீச்சல்குளம், வைஃபை, ஏசி, கார் நிறுத்த இடம் ஆகியவற்றுக்குப் பெட்டிகள் உண்டு. டிக் செய்தால் போதும். இரவில் அமைதி, நல்ல மெத்தை, கூர்மையான சமையலறைக் கத்தி, அழைத்தால் எடுத்துப் பேசும் உரிமையாளர் ஆகியவற்றுக்குப் பெட்டி இல்லை. பெட்டி இல்லாததால் தேடும்போது அவை கணக்கில் வருவதில்லை. தங்கிவிட்டு வந்தவர்கள் நினைவில் வைத்துப் பேசுவதோ பெரும்பாலும் இவற்றையே. பயன்படுத்தாத குளத்துக்காகக் கூடுதல் வாடகை தந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

தங்கியவர்கள் தரும் நட்சத்திர மதிப்பீடுகள் இந்த இடைவெளியை நிரப்பும் என்று எதிர்பார்த்தோம். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஏர்பிஎன்பி வீடுகளில் ஏறத்தாழ 95 சதவீதம் 4.5 அல்லது 5 நட்சத்திரச் சராசரியோடு இருந்ததைக் காட்டியது. எல்லோரும் முதல் மாணவர்கள் என்றால் மதிப்பெண் பட்டியலால் என்ன பயன்? இப்போது 4.6 என்பதே சந்தேகத்தோடு பார்க்கப்படுகிறது. ஆகவே சராசரி எண்ணைப் பெரிதாகக் காட்டுவதைவிட, குழந்தைகளோடு வந்தவர்கள் என்ன எழுதினார்கள், கடந்த மூன்று மாதத்தில் என்ன எழுதினார்கள் என்று பிரித்துப் படிக்க விடுவதே உதவியான வடிவமைப்பு.

சொந்தமாகத் தளம் வைத்திருக்கும் உரிமையாளருக்கு இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. பெரிய தளங்கள் தராத பெட்டிகளை அவர் தானே உருவாக்கிக்கொள்ளலாம். 'அனைத்து வசதிகளும் நிறைந்தது' என்ற வரி எந்தச் சந்தேகத்தையும் போக்காது. 'சாலையிலிருந்து வாசல்வரை 38 படிகள். கைப்பிடி உண்டு' என்ற வரி போக்கும். 'விடியற்காலையில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவும்' என்று எழுதுபவரிடம் மற்ற எல்லாவற்றையும் நம்பத் தோன்றுகிறது. சேவல் பிடிக்காதவர் வரமாட்டார். வருபவர் அதைப் பற்றிக் குறை எழுதமாட்டார்.

அளவுகளைக் காட்டுவது சிலருக்கு வசதி, சிலருக்கு அதுதான் எல்லாமே. சக்கர நாற்காலியில் பயணம் செய்பவருக்கு, கதவு இரண்டு அங்குலம் குறுகினால் வீட்டின் மதிப்பு பாதியாகக் குறைவதில்லை, இல்லாமலே போய்விடுகிறது. ஏர்பிஎன்பியில் முன்பு இவர்களுக்கென்று இருந்தது 'சக்கர நாற்காலிக்கு ஏற்றது' என்ற ஒரே ஒரு பெட்டி. யாருடைய நாற்காலி, எந்தக் கதவு என்று அதில் எதுவும் இல்லை. 2018இல் அதை இருபதுக்கும் மேற்பட்ட தனித்தனி வசதிகளாகப் பிரித்தார்கள்: படியில்லாத வாசல், அகலமான கதவு, குளியலறைக் கைப்பிடி என்று. பிறகு ஒவ்வொன்றுக்கும் படம் கேட்டு, அதைச் சரிபார்க்கவும் தொடங்கினார்கள். கதவு குறைந்தது 32 அங்குலம், அதாவது 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.

அப்படி எடுத்த படத்தில் அழகு எதுவும் இருக்காது. குளியலறைக் கதவு நிலை, அதன் குறுக்கே இழுத்துப் பிடித்த அளவு டேப், அதில் ஓர் எண். தன் நாற்காலியின் அகலம் தெரிந்த ஒருவர் அந்த எண்ணைப் படித்துவிட்டு, பால்கனியின் மாலை வெயிலைப் பார்க்கக்கூட நிற்காமல், தேதியைத் தேர்ந்தெடுக்கப் போய்விடுவார்.